மறு: ஒதுக்கல், ஒதுங்கல், ஒதுக்கம்: துறைதோறும் ஒரே சொல் போதுமா?

அனைவருக்கும் வணக்கம்.

பினாங்கு ஐயா எழுதியிருந்தார்:

> நம் கலைச்சொல் பட்டியலில் செக்ரிகேஷனுக்கு (segregation, தனித்தனியாகப் பிரிந்திருப்பது அல்லது பிரித்துவைப்பது) எல்லாத் துறையிலும் "பிரிப்பு" என்றே வைத்துவிடலாம். ஒரு பொருளுக்கு ஒரு சொல் என்பதுதானே நாம் வைத்துக்கொண்ட விதி?

ஐயா, விதி சரி. பொருள் ஒன்றாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. மரபியலுக்கு அடிகோலிய மெண்டல் 1866இல் வெளியிட்ட ஆய்வில் யாரும் யாரையும் பிரிக்கவில்லை. இணையாக இருந்த மரபுக் காரணிகள் இனச்செல் (விந்து, கருமுட்டை போன்றவை) உருவாகும்போது தாமே பிரிகின்றன. பாடநூல்கள் "தனித்துப் பிரிதல் விதி" என்று எழுதுவது அதனால்தான். அதில் கைவைக்க வேண்டாம். குப்பையைத் தரம் பிரிப்பதும் ஊன்றிப்போன வழக்கு, இருந்துவிட்டுப் போகட்டும்.

சிக்கல் சமூகவியலில்தான். யார் செய்தது என்பது சட்டத்துறையின் முதல் கேள்வி. தென்னாப்பிரிக்காவில் 1950இல் வந்த சட்டம், இன்ன இனத்தார் இன்ன பகுதியில்தான் குடியிருக்கலாம் என்று கோடு கிழித்தது. அமெரிக்காவில் பள்ளிகளை நிறம் பார்த்துப் பிரித்தது செல்லாது என்று உச்சநீதிமன்றம் 1954இல் தீர்ப்புச் சொன்னது. அதன் பிறகும் பல ஊர்களில் குடியிருப்புப்படி பள்ளிகள் பிரிந்தே கிடந்தன. இன்னொரு பக்கம், பொருளியலாளர் ஷெல்லிங் 1971இல் காட்டியது: அக்கம்பக்கத்தில் மூன்றில் ஒரு பங்காவது நம்மவர் இருந்தால் போதும் என்று ஒவ்வொருவரும் நினைத்தாலே, ஆளாளுக்கு இடம் மாறி ஊர் திட்டுத்திட்டாகிவிடும். உத்தரவும் இல்லை, வெறுப்பும் தேவையில்லை.

இந்த வேறுபாட்டைச் சொல்லத் தமிழில் தன்வினை, பிறவினை இருக்க, அடைமொழி எதற்கு? அதிகாரம் செய்தால் ஒதுக்கல். தாமாக நடந்தால் ஒதுங்கல். எப்படி நேர்ந்தது என்று சொல்லாமல் நிலையை மட்டும் குறிக்க ஒதுக்கம்.

நம் மலேசியாவில் வைத்துப் பார்க்கிறேன். ரப்பர்த் தோட்டத்தில் மேட்டில் துரை பங்களா, கீழே கிராணி (எழுத்தர்) வீடு, அதற்கும் கீழே தொழிலாளர் லயம். இடத்தைப் பிரித்தது நிர்வாகம், ஆகவே ஒதுக்கல். கம்யூனிஸ்ட் கெரில்லாக்களை மக்களிடமிருந்து துண்டிக்க ஆங்கிலேயர் 1950இல் போட்ட பிரிக்ஸ் திட்டத்தில் தொடங்கிய சீனப் புதுக்கிராமங்கள் இன்னும் வெளிப்படை, சுற்றிலும் முள்வேலி. ஆனால் கோலாலம்பூரில் நம்மவர் திரண்டு வாழும் பிரிக்பீல்ட்ஸும் செந்தூலும்? ரயில்வே வேலையும் குவாட்டர்ஸும் இழுத்து வந்தன, பிறகு கோயில், கடை, சொந்தபந்தம் என்று நாமே ஒட்டிக்கொண்டோம். அங்கே "ஒதுக்கம்" என்பதோடு நிறுத்திக்கொள்வதுதான் நேர்மை.

புவியியலாளருக்கும் மக்கள்தொகை ஆய்வாளருக்கும் காரணம் பிறகு, அளவுதான் முதலில். இரண்டு ஃபிளாட் புளோக் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றில் 80 தமிழர், 20 மலாய்க்காரர். மற்றதில் 20 தமிழர், 80 மலாய்க்காரர். முதல் புளோக்கிலிருந்து 60 தமிழர் இடம் மாறினால் இரண்டிலும் சரிபாதி. 100 தமிழரில் 60 பேர் என்பதால் எண் 0.6. சமூகவியலாளர் டங்கன் இணையர் 1955இல் விரிவாக அலசிய இந்த எண்ணுக்கு "ஒவ்வாமைக் குறியீடு" என்று யாரோ எழுதியிருந்தார்கள். இறால் சாப்பிட்டு உடம்பு தடித்ததுபோல் இருக்கிறது. "வேறுபாட்டுக் குறியீடு" போதும். தொழிற்சந்தை ஆய்வாளர்கள் இதே எண்ணை ஆண்வேலை, பெண்வேலை என்று பார்க்கவும் எடுத்துக்கொள்கிறார்கள்.

அமெரிக்கச் சமூகவியலாளர் மாசி, டென்டன் இருவரும் 1988இல் குடியிருப்பு ஒதுக்கத்துக்கு ஐந்து பரிமாணம் வகுத்தார்கள். பரவல் சமன் (evenness), எதிர்ப்படல் (exposure), செறிவு (concentration), நகர்நடுமை (centralization), கொத்தாதல் (clustering) என்று தர நினைக்கிறேன். இரண்டாவதில் எனக்கே முழுத் திருப்தி இல்லை.

செந்தூலிலிருந்து.

—

அண்ணே, வணக்கம். நான் பட்டர்வொர்த்தில் சைட் என்ஜினியர். காங்கிரீட்டில் கல் அடியில் தங்கி, சாந்து தனியாக நின்றால் நாங்கள் "கலவை பிரிஞ்சிருச்சு" என்போம். அங்கே ஒதுக்கம் என்று எழுதினால் ஃபோர்மேன் சிரிப்பார். பொருளுக்குப் பிரிதல், மனிதருக்கு ஒதுக்கம் என்று கோடு போடுங்கள். எதிர்ப்படலுக்குப் பதில் "கலந்துபழகல்"?

—

தம்பிமார்களே, பிரிப்பை நான் விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் ஒரு தடை. 1913ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த, மலாய்க்காரருக்கென்றே வைத்த மலாய் ஒதுக்கீட்டு நிலம், பட்ஜெட்டில் தமிழ்ப்பள்ளிக்கு ஒதுக்கீடு என்று ஒதுக்கீடு நம் நாளேட்டில் தினமும் வருகிறது. மாணவன் ஒதுக்கலையும் ஒதுக்கீட்டையும் குழப்பமாட்டானா?

—

ஐயா, குழப்புவான். அதனால் சொல்லைத் தனியே விடாமல் இட ஒதுக்கல், பள்ளி ஒதுக்கல், தொழில் ஒதுக்கம் என்று எப்போதும் சேர்த்தே பட்டியலில் போடலாம். "இட ஒதுக்கீடு" இந்தியாவில் வேறு பொருளில் வேரூன்றிவிட்டதால் முதலாவதை மட்டும் "குடியிருப்பு ஒதுக்கல்" ஆக்குகிறேன்.

தம்பி, உங்கள் கோடு அப்படியே ஏற்பு. கலந்துபழகல் மட்டும் வேண்டாம். ஒரே லிஃப்டில் தினமும் ஏறி இறங்கினாலும் பேசாதவர் உண்டு. அந்தப் பரிமாணம் அளப்பது ஒரே வட்டாரத்தில் இருப்பதால் வரும் வாய்ப்பை, நட்பை அல்ல. வேறு சொல் வரும்வரை எதிர்ப்படல் என்று பென்சிலில் எழுதி வைக்கிறேன்.