வற்றிய ஊற்று தீர்த்தமாகுமா?

ஈசூன்வாசி:
சென்ற ஞாயிற்றுக்கிழமை அம்மாவை இங்கே சிங்கப்பூரில் டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலுக்கு அழைத்துச் சென்றேன். பூசை முடிந்ததும், பக்கத்திலிருக்கும் ஃபோர்ட் கேனிங் மலைக்கும் போய்வரலாம் என்றார். எழுபத்து மூன்று வயது. படியின் ஒவ்வொரு திருப்பத்திலும் கைப்பிடியைப் பற்றி நின்று மூச்சு வாங்கிக்கொண்டுதான் ஏறினார். அந்த மலையில் 2019இல் திறந்த பூங்காக்களில் ஒன்றில், பஞ்சூர் லாராங்கான் என்னும் பழைய ஊற்றை நினைவூட்டச் செதுக்குக் கல்லால் ஒரு நீர்நிலை அமைத்திருக்கிறார்கள். பதினான்காம் நூற்றாண்டில் இம்மலையிலிருந்த அரண்மனைப் பெண்கள் குளித்த ஊற்று, ஆண்கள் நெருங்கக் கூடாது, 'விலக்கப்பட்ட ஊற்று' என்ற பெயரே அதனால் வந்தது என்று எனக்குத் தெரிந்த கதையைச் சொன்னேன்.

அம்மா செருப்பைக் கழற்றிவிட்டார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மூன்று விரல்களை நீரில் நனைத்துத் தலையில் தெளித்துக்கொண்டார். பிறகு பைக்குள்ளிருந்த சின்னப் பித்தளைச் சொம்பில் கொஞ்சம் மொண்டு வந்து வீட்டுப் பூசையறையில் வைத்துவிட்டார். அன்றிரவே தம்பி சண்டைக்கு வந்துவிட்டான். "அது அலங்காரத் தண்ணீர், அதற்கு எதற்கு விளக்கு?" என்கிறான். அம்மா பேசவில்லை. உங்கள் கருத்து என்ன?

குழாயடி:
உங்கள் தம்பி பக்கம்தான் நான். இருபத்தாறு ஆண்டுகளாக நீர்ச் சுத்திகரிப்பு வேலையில் இருப்பவன். முதலில் ஒரு வேண்டுகோள்: அந்த நீரை யாரும் வாயில் படவிடாதீர்கள். பூங்கா நீர்நிலை எதுவும் குடிப்பதற்கு அமைத்ததல்ல.

அடுத்தது, அந்த ஊற்று செத்துப்போய் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆகின்றன. மழைநீர் மலையில் இறங்கி, களிமண்ணும் பாறையும் கலந்த அடுக்கில் தடைபட்டு, அடிவாரத்தில் கசிந்து வெளிவந்தது. ஆங்கிலேயர் வந்த தொடக்கத்தில் கப்பல்களுக்கே இங்கிருந்து நீர் கொண்டுபோனார்கள். ஊர் பெருத்தது, மலையைச் சுற்றிக் கிணறு தோண்டினார்கள், நிலத்தடி நீர் இறங்கியது, கசிவு நின்றது. நாமே கொன்ற ஊற்றுக்கு ஒரு கல்லறை கட்டியிருக்கிறோம். அதைப் போய்ப் பார்க்கலாம், வருந்தலாம். தீர்த்தம் என்று சொம்பில் எடுத்துவரக் கூடாது.

செட்டித்தெரு:
குழாயடி ஐயா சொன்ன அறிவியல் சரி. ஆனால் அந்த அம்மா அறியாமல் செய்தார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். டேங்க் ரோடு என்னும் பெயரை நினைத்துப் பாருங்கள். 'டேங்க்' என்றால் இங்கே தொட்டியல்ல, குளம். 1859இல் செட்டியார்கள் கோயில் எழுப்புவதற்கு முன்பே அங்கொரு குளக்கரையில், மரத்தடியில் வேல் நட்டு வழிபட்டிருக்கிறார்கள். அந்தக் குளத்துக்கு நீர் வந்தது இதே மலையின் ஊற்றிலிருந்து. அதில் குளித்துவிட்டுத்தான் வேலைக் கும்பிட்டார்கள். ஆகவே அரண்மனைப் பெண்களுக்குப் பின், நம் பாட்டன்மாரும் அந்த மலை நீரில் தலை நனைத்தவர்கள். மூர்த்தி, தலம், தீர்த்தம் என்று மூன்றையும் சேர்த்தே சொல்லும் மரபு நம்முடையது. முதல் இரண்டும் இன்று டேங்க் ரோட்டில் இருக்கின்றன. மூன்றாவது எங்கே போனது என்று தைப்பூசத்தன்று பால்குடம் சுமந்து வரும் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

மாரியம்மன் கோயிலையும் பாருங்கள். 1819இல் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸுடன் வந்த நாராயண பிள்ளைக்குக் கோயில் கட்ட முதலில் தெலுக் ஆயரில் இடம் கொடுத்தார்கள். பூசைக்கு நல்ல தண்ணீர் கிடைக்கவில்லை என்பதால் அந்த இடம் கைவிடப்பட்டது. 1823இல் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் இடம் கிடைத்தது, 1827இல் மரமும் அத்தாப்பு ஓலையும் கொண்டு கோயில் எழுந்தது. அன்று தண்ணீர் இல்லாத இடத்தில் அம்மனை வைக்க அவர்களுக்கு மனம் வரவில்லை.

குழாயடி:
நீங்கள் சொன்னது என் வாதத்துக்குத்தான் வலுச் சேர்க்கிறது, ஐயா. நல்ல நீர் இல்லை என்று கொடுத்த இடத்தையே விட்டவர்கள் அவர்கள். நீர் இருக்கிறதா என்று பார்த்துத்தான் தீர்த்தம் என்றார்கள். நாம் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு நீரை மறந்துவிட்டோம்.

மதுரைக்காரி:
வறண்ட வைகையில் அணையைத் திறந்துவிட்டுத்தான் பல ஆண்டுகள் அழகர் இறங்குகிறார். அதை யாராவது அலங்காரத் தண்ணீர் என்றார்களா? கரையில் நின்று தண்ணீர் பீய்ச்சுகிறவர்களிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

குழாயடி:
அம்மா, வைகை அணையில் தேங்குவது வைகை நீர். மேலே பெய்த மழை அதே ஆற்றில் இறங்குகிறது, கொஞ்சம் காத்திருந்து வருகிறது, அவ்வளவுதான். இங்கே அந்தத் தொடர்பே அறுந்துவிட்டது. இரண்டும் ஒன்றல்ல.

கம்போங்கிளாம்:
நான் முஸ்லிம். கெராமாட்டுகளில், அதாவது புனிதர்களின் அடக்கத்தலங்களில், நேர்ச்சை வைக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை, அதை ஆதரித்தும் பேசவில்லை. ஆனால் அந்த மலையின் கதை எப்படி நம் கைக்கு வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டு மலாய் எழுத்தாளர் முன்ஷி அப்துல்லா எழுதி வைத்திருக்கிறார். அது ஏன் புக்கிட் லாராங்கான், விலக்கப்பட்ட மலை, என்பதை மலாய்த் தலைவரான தெமெங்கோங், ஆங்கிலேய அதிகாரி ஃபர்குவாரிடம் விளக்குகிறார்: அரசர் காலத்தில் அனுமதியின்றி யாரும் ஏற முடியாது, மலைக்குப் பின்னால் அரசகுலப் பெண்கள் குளிக்கும் ஊற்று இருக்கிறது, இப்போதும் அங்கே முரசொலியும் ஆட்களின் கூச்சலும் கேட்பதால் எவரும் போவதில்லை. இதை எழுதிய அப்துல்லா மலாக்காவில் பிறந்தவர், சிறுவயதில் தமிழ் படித்தவர். வணிகர்கள் கணக்குக்கும் பேச்சுக்கும் தமிழைப் புழங்கிய ஊர் அது. நம் மொழி தெரிந்த ஒருவர் எழுதி வைத்ததால் அந்த ஊற்றின் கதை பிழைத்தது. எனக்கு இது பெரிய செய்தி. நீர் போய்விட்டது, சொல் நின்றது. அந்த அம்மா வணங்கியது சொல்லை என்றால் எனக்கு மறுப்பில்லை.

தெலுக்_பிளாங்கா:
சிங்கப்பூரின் தெற்கே இருக்கும் குசுத் தீவுக்கு ஆண்டுதோறும் போகிறவள் நான். அங்கே துவா பெக் கோங் என்னும் சீனத் தெய்வத்தின் கோயிலில் நேர்த்திக் கிணறு இருக்கிறது, காசு எறிந்து வேண்டிக்கொள்வார்கள். குன்றின் மேலிருக்கும் கெராமாட்டுக்கு 152 படி. 2022 ஏப்ரலில் தீப்பிடித்து அந்தச் சன்னதிகள் கருகிவிட்டன. அதற்காகச் சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில் படகில் கூட்டம் வராமல் போய்விடவில்லை. கல் கரிந்தாலும் ஊற்று வற்றினாலும், ஓர் இடத்தில் காலங்காலமாகக் கைகுவித்தது வீணாகாது என்றே நம்புகிறேன்.

குழாயடி:
கைகுவிப்பதை நான் தடுக்கவே இல்லை, அக்கா. செருப்பைக் கழற்றியதைப் படித்தபோது எனக்கும் நெஞ்சு இளகியது. என் கவலை வேறு. ஊற்று இன்னும் இருப்பதாக நம் பிள்ளைகள் நம்பிவிட்டால், அது எப்படிச் செத்தது என்று கேட்க மாட்டார்கள். ஆண்டுக்கு இரண்டாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் தீவில் ஓர் ஊற்றைக் காப்பாற்ற முடியாமல் போனது சின்ன விஷயமா? அதே மலையுச்சியில் 1929 முதல் ஒரு நீர்த்தேக்கம் இருக்கிறது. அதன் நீர் வேறெங்கிருந்தோ குழாயில் ஏற்றியது. சொந்த நீர் போன மலைக்கு நாம் வெளியிலிருந்து தண்ணீர் கொடுக்கிறோம். பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் இதையும் சொல்ல வேண்டும்.

ஈசூன்வாசி:
எல்லாருக்கும் நன்றி. இவற்றை அம்மாவிடம் ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். டேங்க் ரோட்டுக் குளத்தின் செய்தி வந்த இடத்தில் நிறுத்தச் சொல்லி, இன்னொரு முறை படிக்கச் சொன்னார். குளக்கரையில் நட்ட வேல் பற்றி அவருடைய தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறாராம். இத்தனை ஆண்டுகளில் என்னிடம் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அது குழாய்த் தண்ணீர் என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. சொம்பைப் பூசையறையில் ஒருநாள் வைத்திருந்து, மறுநாள் காலை மாடத் துளசிக்கு ஊற்றிவிட்டார்.

குழாயடி:
துளசிக்கு ஊற்றியது சரி. பூசையறையில் வைத்ததை இப்போதும் நான் ஏற்கவில்லை. ஆனால் தாத்தா சொன்னதை முழுவதும் கேட்டு எழுதிவிடுங்கள், தம்பி. குளம் எந்தப் பக்கம் இருந்தது, படித்துறை உண்டா, எவ்வளவு ஆழம், எப்போது தூர்த்தார்கள் என்று கேளுங்கள். அம்மா களைத்துப்போனால் விட்டுவிட்டு மறுநாள் கேளுங்கள்.