ஈறோரமாக அடுத்தடுத்து சொத்தை, இனிப்பே தொடாதவருக்கு ஏன்?

கிருத்திகா:
அம்மாவுக்கு 63 வயது. தர்மபுரி பக்கம். ஐம்பது வரை சொத்தையே கிடையாது. இப்போது ஒன்றரை வருடத்துக்குள் ஈறோரமாக நான்கு. அடைத்த இடத்தின் ஓரத்திலேயே மறுபடி வருகிறது. சர்க்கரைக்கும் பி.பி.க்கும் மாத்திரை எடுக்கிறார். கால் எரிச்சலுக்கு இரவில் அமிட்ரிப்டிலின், தும்மலுக்கு அடிக்கடி செட்டிரிசின். இனிப்பு தொடுவதில்லை, வாய் காய்கிறது என்று பனங்கற்கண்டு மட்டும் அவ்வப்போது அடக்கிக்கொள்வார். மூலிகைப் பல்பொடிதான். கீழே கழற்றி மாட்டும் பல்செட். தண்ணீரில் ஃப்ளூரைடு இருப்பதால் பேஸ்ட்டில் வேறு வேண்டாம் என்கிறார்கள். எது காரணம்?

கடைவாய்:
ஒன்று மட்டும் அல்ல, ஆனால் தலைமை எச்சில் குறைவுதான். அமிட்ரிப்டிலின், செட்டிரிசின் இரண்டுமே எச்சிலைக் குறைப்பவை. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் வறட்சி இன்னும் கூடும்.

வீட்டிலேயே அளக்கலாம். ஒரு மணி நேரம் சாப்பிடாமல், குடிக்காமல், பல் தேய்க்காமல் இருக்கட்டும். பிறகு தலையைக் குனிந்து, மெல்லாமல் துப்பாமல், ஊறுவதை 5 நிமிடம் சின்ன டம்ளரில் வழியவிட வேண்டும். ஊசி இல்லாத சிரிஞ்சில் உறிஞ்சிப் பாருங்கள். நுரை கணக்கில் வராது. 1.5 மி.லி. இருந்தால் பரவாயில்லை. 0.5 மி.லி.க்குக் கீழே என்றால் தெளிவான வறட்சி. அந்த எண்ணோடு மாத்திரை எழுதிய டாக்டரிடம் போய், மாற்று உண்டா என்று கேளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பனங்கற்கண்டும் சர்க்கரைதான், பல்லில் உள்ள கிருமிக்கு வித்தியாசம் தெரியாது, அதையும் பல்லைக் கரைக்கும் அமிலமாக்கிவிடும். எவ்வளவு சாப்பிடுகிறார் என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் கணக்கு. ஒவ்வொரு துண்டும் கரைந்து முடிந்த பிறகும் அமிலம் தணிய அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். எச்சில் இல்லாத வாயில் இன்னும் நீளும். தூக்கத்தில் எச்சில் ஏறக்குறைய நின்றுவிடும். படுக்கும்போது அடக்கும் துண்டுதான் மோசம்.

வேர்ப்பல்:
ஏன் ஈறோரத்தில் மட்டும் என்றால், ஈறு இறங்கி வேர் வெளியே வந்திருக்கும். அங்கே எனாமல் என்ற கெட்டியான மேல்பூச்சு கிடையாது. எனாமல் கரைய பிஹெச் (அமில அளவு, எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5 வரை இறங்க வேண்டும். வேர் 6-க்குச் சற்று மேலேயே கரையத் தொடங்கிவிடும். சொரசொரப்பான பல்பொடியை அழுத்தித் தேய்த்தால் அந்த இடம் இன்னும் தேயும்.

பல்செட்டின் கம்பி பிடித்திருக்கும் பல்லைப் பாருங்கள், புதுச் சொத்தை அங்கே இருக்க வாய்ப்பு அதிகம். கம்பிக்கு அடியில் சாதம் தங்கும். சாப்பிட்டதும் கழற்றிக் கழுவ வேண்டும், இரவில் தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும்.

அடைத்த ஓரத்தில் மறுபடி வருவதற்கு, அடைக்கும்போது இருந்த ஈரமும் ஒரு காரணமாக இருக்கலாம். ஈறோரத்தில் ரத்தமும் ஈரமும் கசிந்தால் கம்போசிட் (பல் நிற அடைப்பு) சரியாக ஒட்டாது. அந்த இடத்துக்கு கிளாஸ் அயனோமர் என்ற வேறு வகை அடைப்பு பொருந்துமா என்று கேளுங்கள். அது கொஞ்சம் கொஞ்சமாக ஃப்ளூரைடும் விடும்.

கடைவாய்:
தண்ணீர் விஷயம். பெரியவர்களுக்கு ஃப்ளூரைடு சொத்தையைத் தடுப்பது பல்லின் மேல் பட்டுத்தான், வயிற்றுக்குள் போய் அல்ல. பேஸ்ட்டைத் துப்பிவிடுகிறோம், அதனால் 63 வயதில் பயம் தேவையில்லை. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மி.கி.தான் வரம்பு, அதை மிகவும் தாண்டினால் காலப்போக்கில் எலும்புக்குக் கெடுதல் வரலாம், அதற்குத் தண்ணீரை மாற்ற வேண்டும். பேஸ்ட்டை நிறுத்துவது தீர்வாகாது. உங்கள் பகுதியில் கவனிக்க வேண்டியது பேஸ்ட்டை விழுங்கும் சின்னப் பிள்ளைகளை: மூன்று வயதுக்குள் அரிசி அளவு, அதற்கு மேல் பட்டாணி அளவு.

அம்மாவுக்கு 1000 பிபிஎம் (ஃப்ளூரைடின் அளவு) என்று அட்டையில் போட்ட பேஸ்ட், மென்மையான பிரஷ், காலையும் இரவும். இரவில் தேய்த்தபின் துப்ப மட்டும் சொல்லுங்கள், கொப்பளிக்க வேண்டாம். கொப்பளித்தால் ஃப்ளூரைடும் போய்விடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பல் மருத்துவரிடம் ஃப்ளூரைடு வார்னிஷ் (பல்லில் ஒட்டி நிற்கும் பூச்சு) பூசிக்கொள்ளலாம்.

கிருத்திகா:
நன்றி. கற்கண்டுக்குப் பதில் சுகர்-ஃப்ரீ எலுமிச்சை மிட்டாய் தரலாமா?

வேர்ப்பல்:
எலுமிச்சை வேண்டாம். சர்க்கரை இல்லாவிட்டாலும் சிட்ரிக் அமிலம் இருக்கும், வேர்ப்பகுதிக்கு அதுவே போதும். சைலிட்டால் (கிருமியால் அமிலமாக்க முடியாத இனிப்பு) போட்ட புதினா வகை சரி. பல்செட்டோடு சூயிங்கம் ஒட்டும், அதனால் மிட்டாயாகவே வாங்குங்கள். படுக்கைப் பக்கத்தில் வெறும் தண்ணீர் வையுங்கள், இரவில் ஒரு வாய் குடித்தால் போதும்.