சிக்னல் 82 காட்டுது, குவாலிட்டி சைபர்: டிடி ஃப்ரீ டிஷ், மானாமதுரை பக்கம். உதவி வேணும்

மொட்டைமாடி:
எல்லாருக்கும் வணக்கம். ஊர்ல அம்மா தனியா இருக்காங்க. மாசாமாசம் ரீசார்ஜ் பண்ண அவங்களுக்குத் தெரியாது, அதனால டிடி ஃப்ரீ டிஷ் வாங்கி நானே மாட்டினேன். 60 செ.மீ. டிஷ், புது ஆர்ஜி-6 கேபிள் 15 மீட்டர், நடுவுல ஜாயின்ட் எதுவும் இல்லை. பக்கத்து வீட்டு மாடியில சன் டைரக்ட் டிஷ் இருக்கு. ரெண்டும் ஒரே பக்கம்னு கடைக்காரர் சொன்னதால, அதைப் பார்த்து அப்படியே திருப்பி வச்சேன். எல்என்பி-யை (டிஷ் முன்னாடி கம்பி நுனியில சிக்னலை வாங்குற சின்ன டப்பா) ஒரு டெல்லிக்காரர் வீடியோவுல காட்டின மாதிரி சாய்ச்சிருக்கேன்.

டிவியில சிக்னல் ஸ்ட்ரெங்த் 82. குவாலிட்டி 0, எப்பவாவது 8-க்குப் போய்ட்டுத் திரும்ப விழுது. ரெண்டு நாளா ஏறி இறங்கி முட்டி போயிடுச்சு. அம்மா "விடுப்பா, ரேடியோ போதும்"ங்கறாங்க. அதான் மனசு கேக்கலை. தென்கிழக்குல 4 மீட்டர் தள்ளி ஒரு தென்னை நிக்குது, மாடியை விட 6 மீட்டர் உசரம் இருக்கும். அதுதான் மறைக்குதா? ஞாயித்துக்கிழமை சாயந்திரம் நான் சென்னைக்கு பஸ் ஏறணும்.

கருவேலங்காடு:
தென்னையேதான் ப்ரோ. எங்க வீட்லயும் இதே கதை. ரெண்டு மட்டையை வெட்டுங்க.

தூக்குக்குண்டு:
தம்பி, மரத்துல கை வைக்காதீங்க. ஃப்ரீ டிஷ் வர்ற ஜிசாட்-15 செயற்கைக்கோள் நிக்கிறது 93.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு நேரா. மானாமதுரையிலேர்ந்து பார்த்தா அது தரையிலேர்ந்து கிட்டத்தட்ட 69 டிகிரி உசரத்துல, அதாவது உச்சிக்குப் பக்கத்துல இருக்கு. அந்தக் கோணத்துல ஒவ்வொரு மீட்டர் தூரத்துக்கும் மரம் டிஷ்ஷை விட 2.6 மீட்டர் உசந்திருந்தாத்தான் மறைக்கும். 4 மீட்டர் தள்ளி இருக்குற மரம் 10 மீட்டருக்கு மேல உசந்திருக்கணும். உங்களுது 6 தான். (டிஷ் முகம் அவ்வளவு மேல பார்க்கலையேன்னு தோணும். ஆஃப்செட் டிஷ் அப்படித்தான், பாதி வானத்தைப் பார்க்குற மாதிரி இருந்தே உச்சியிலேர்ந்து வாங்கிக்கும்.)

அந்த 82-ஐ நம்பாதீங்க. கேபிளும் எல்என்பி-யும் உயிரோட இருக்குன்னு மட்டும்தான் அதுக்கு அர்த்தம். டிஷ்ஷைச் சுவத்தைப் பார்த்து வச்சாலும் பல பாக்ஸ்ல ஸ்ட்ரெங்த் ஏறும். பார்க்க வேண்டியது குவாலிட்டி, அதாவது சிக்னல் எவ்வளவு தெளிவா வருதுங்கறது. பக்கத்து வீட்டு டிஷ் மாட்டி எத்தனை வருஷம் ஆச்சு?

மொட்டைமாடி:
நல்லவேளை அண்ணே, அரிவாளை எடுத்துட்டேன். அந்த டிஷ் பத்து வருஷத்துக்கு மேல இருக்கும். துருப் பிடிச்சிருக்கு, ஆனா படம் நல்லா வருது.

தூக்குக்குண்டு:
அப்போ இதைக் கேளுங்க. சன் டைரக்ட் ஆரம்பத்துல 93.5-ல இருந்த இன்சாட்-4பி-யில வந்துக்கிட்டிருந்தது. 2010 ஜூலையில அந்த செயற்கைக்கோள்ல மின்சாரக் கோளாறு வந்ததும் 91.5-ல இருந்த மீசாட்-3-க்கு மாறினாங்க. ஊர் ஊரா டிஷ்ஷைத் திருப்பினது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அப்படித் திருப்பின டிஷ், அதுக்கப்புறம் அங்க மாட்டின டிஷ் எல்லாம் 91.5-ஐப் பார்த்துக்கிட்டு நிக்கும். உங்க பக்கத்து வீடும் அதுல ஒண்ணாத்தான் இருக்கும்.

வித்தியாசம் 2 டிகிரிதானேன்னு விட முடியாது. 60 செ.மீ. டிஷ் பார்க்குற அகலமே மொத்தம் 3 டிகிரி சுமார்தான். உங்க ஊர்ல 91.5-லேர்ந்து 93.5-க்கு வர, டிஷ்ஷைக் கிழக்குப் பக்கமா 4 டிகிரி திருப்பி, 2 டிகிரி கீழே இறக்கணும். 4 டிகிரின்னா டிஷ் விளிம்பு 2 செ.மீ. நகரும், அவ்வளவுதான். பென்சிலால குழாய்ல ஒரு கோடு போட்டுக்கிட்டுத் திருப்புங்க. ஒவ்வொரு தடவையும் ஒரு நூல் அளவு நகர்த்தி, கையை எடுத்துட்டு அஞ்சு செகண்ட் பொறுங்க. பாக்ஸ் பிடிக்க நேரம் எடுக்கும். வேகமாத் திருப்பினா தாண்டிப் போயிடுவீங்க.

அதுக்கு முன்னாடி குழாய் நேரா நிக்குதான்னு கயித்துல ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டுப் பாருங்க. குழாய் சாஞ்சிருந்தா டிஷ்ஷைத் திருப்பத் திருப்ப உசரமும் சேர்ந்து மாறும், பிடிக்கவே முடியாது.

வாத்தியார்:
எல்என்பி சாய்மானத்தை யாரும் கவனிக்கலையே. டெல்லி வீடியோ டெல்லிக்குத்தான் சரி. அங்க இந்த செயற்கைக்கோளுக்கு எல்என்பி 27 டிகிரி திரும்பினாப் போதும். நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க இது கூடும், மானாமதுரையில 57 டிகிரி வரும். டிஷ்ஷுக்குப் பின்னாடி நின்னு வானத்தைப் பார்த்தபடி, கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமாத் திருப்பணும். 30 டிகிரி தப்பா இருந்தா செங்குத்து அலையும் கிடைமட்ட அலையும் கலந்து வரும், குவாலிட்டி அடிவாங்கும். முதல்ல திசையைப் பிடிங்க, கடைசியா எல்என்பி-யைத் திருகி எங்க குவாலிட்டி அதிகம் வருதோ அங்க இறுக்குங்க.

மொட்டைமாடி:
கிடைச்சிருச்சு! குழாய் மேல்பக்கம் ஒரு விரல் அளவு சாஞ்சிருந்தது, அதுக்கு ஆப்பு வச்சேன். அம்மா கீழேருந்து கத்தி நம்பர் சொல்றது கேக்கலை, அதனால போன்ல வீடியோ கால் போட்டு டிவி முன்னாடி நிறுத்திட்டேன். அண்ணன் சொன்ன 2 செ.மீ. கிழக்கே தள்ளி, கொஞ்சம் கொஞ்சமாக் கீழே இறக்கினதும் 8, 21, 38-னு ஏறுச்சு. எல்என்பி-யைத் திருகினதும் 67! அம்மா இப்போ டிடி தமிழ் பார்த்துக்கிட்டிருக்காங்க, இன்னும் அதைப் பொதிகைன்னுதான் சொல்றாங்க. உங்க மூணு பேருக்கும் ரொம்ப நன்றி.

ஒரு சந்தேகம். சேனல் லிஸ்ட்ல சொல்ற சிலது என் பாக்ஸ்ல வரலை. அப்புறம் ஐப்பசி அடைமழைக்கு இது தாங்குமா?

வாத்தியார்:
உங்க பாக்ஸ் எம்பெக்-2-ங்கற பழைய வீடியோ முறை வகையா இருக்கும். புது முறையான எம்பெக்-4-ல மட்டும் வர்ற சேனலை அது எடுக்காது, டிஷ்ஷைத் தொட வேண்டாம்.

தூக்குக்குண்டு:
சந்தோஷம் தம்பி. கனமழை கொட்டுறப்போ கொஞ்ச நேரம் போகத்தான் செய்யும், இந்த டிஷ்ஷுக்கு வர்ற கே.யு. அலைவரிசையை மழை குடிச்சிடும். மழை விட்டதும் தானா வந்துரும், அதுக்காக யாரையும் மாடி ஏறச் சொல்லாதீங்க. ஆனா மழை விட்டு ரெண்டு நாள் ஆகியும் வரலைன்னா கனெக்டர்ல தண்ணி. கழட்டிப் பார்த்தா நடுக்கம்பி பச்சை பூத்திருக்கும். அதனால இன்னைக்கே எல்என்பி கனெக்டருக்கு ரப்பர் உறை போட்டு, மேல டேப் சுத்துங்க. டேப்பைக் கீழேருந்து மேல சுத்தணும், அப்பத்தான் ஓடு வேய்ஞ்ச மாதிரி தண்ணி வழுக்கிக்கிட்டு இறங்கும். கேபிள் வீட்டுக்குள்ள நுழையுற ஓட்டைக்கு முன்னாடி ஒரு சாண் தொங்கவிட்டு மேல ஏத்துங்க. தண்ணி அந்தத் தொங்கல்லேயே சொட்டிடும்.

மொட்டைமாடி:
கேபிள் இப்போ நேரா ஓட்டைக்குள்ள இறங்குது அண்ணே. பஸ்ஸுக்கு இன்னும் மூணு மணி நேரம் இருக்கு, மாத்திட்டுக் கிளம்புறேன்.