இப்னு ஸுபைர் கலகக்காரரா, கலீஃபாவா?

கூஃபாத்தெரு: சிரியாவிலிருந்து ஆண்ட உமய்யா வம்சத்தின் வரலாறு பற்றி எதைப் பார்த்தாலும் யஸீது, இரண்டாம் முஆவியா, மர்வான், அவர் மகன் அப்துல் மலிக் என்றுதான் பட்டியல் ஓடுகிறது. மக்காவில் 683 முதல் 692 வரை கலீஃபா என்று ஆண்ட அப்துல்லாஹ் இப்னு ஸுபைருக்கு 'கலகக்காரர்' என்று ஒரே வரி. ஹிஜாஸ் (மக்கா, மதீனா பகுதி), இராக், எகிப்து எல்லாம் அவருக்கு பைஅத் (தலைவராக ஏற்கும் உறுதிமொழி) கொடுத்தன, சிரியாவிலேயே பல தலைவர்கள் அவர் பக்கம் நின்றார்கள். 684-ல் உமய்யா ஆதரவாளர்கள் சிரியாவின் ஜாபியாவில் கூடி மர்வானைத் தேர்ந்தெடுத்தபோது அந்தக் கூட்டத்தின் கையில் சிரியா முழுசாகக்கூட இல்லை. அப்படியானால் கலகம் செய்தது யார்?

பழங்காசு: பைஅத் கொடுத்தார்கள் சரி, அதைக் கட்டிக் காத்தாரா? எகிப்தை மர்வான் சீக்கிரமே எடுத்துக்கொண்டார், இராக்கின் கூஃபாவை 685-ல் அலீ குடும்பத்தின் பேரால் கிளம்பிய முக்தார் பிடித்தார், அரேபியாவிலேயே நஜ்தா என்பவரின் காரிஜிகள் (இரு பக்கத்தையும் ஏற்காத பிரிவினர்) தனி ராஜ்யம் நடத்தினார்கள். இதையெல்லாம் விடுங்கள். யஸீது இறந்த செய்தி வந்ததும் மக்காவை முற்றுகையிட்டிருந்த உமய்யாத் தளபதி ஹுஸைன் இப்னு நுமைரே "சிரியாவுக்கு வாருங்கள், உங்களையே ஏற்கிறோம்" என்று அழைத்தார், இவர் மறுத்துவிட்டார். படை அங்கே, இவர் இங்கே. வாசலுக்கு வந்ததைத் திருப்பி அனுப்பியவருக்காக நாம் ஏன், பாய், சண்டை போட வேண்டும்?

கூஃபாத்தெரு: சாமர்த்தியம் வேறு, உரிமை வேறு. நான்காம் கலீஃபா அலீக்கும் சிரியா கடைசிவரை பைஅத் கொடுக்கவில்லை, 657-ல் ஸிஃப்பீன் போர் வரை போனது. அதற்காக அவர் கலீஃபா இல்லை என்பீர்களா? சுயூத்தியின் கலீஃபாக்கள் வரலாற்றைப் பாருங்கள்: மர்வான்தான் இப்னு ஸுபைருக்கு எதிராகக் கிளம்பியவர், அப்துல் மலிக்கின் ஆட்சி இப்னு ஸுபைர் கொல்லப்பட்ட பிறகுதான் செல்லும் என்ற தஹபியின் கருத்தை எடுத்து வைக்கிறார். ரெண்டு பேருமே ஸுன்னி அறிஞர்கள்.

திண்ணைக்காரன்: நடுவில் வருகிறேன். ஹிஜ்ரி 68-ல், அதாவது 688-ல், அரஃபாத்தில் நாலு கொடி நின்றதாக வரலாற்றாசிரியர் தபரி எழுதுகிறார். இப்னு ஸுபைர், உமய்யாக்கள், நஜ்தா, அலீயின் மகன் முஹம்மது இப்னுல் ஹனஃபிய்யா. ஒரே ஹஜ், ஒரே வெயில், தனித்தனிக் கூட்டம். இரண்டாம் கலீஃபா உமரின் மகன் இப்னு உமர் போன்றவர்கள் 'எல்லோரும் ஒருவரை ஏற்கட்டும், பிறகு பார்க்கலாம்' என்று யாருக்கும் பைஅத் கொடுக்காமல் இருந்தார்கள். அன்று வாழ்ந்தவர்களுக்கே தெளிவில்லை, நீங்கள் ரெண்டு பேரும் இப்போது தீர்ப்பு எழுதுகிறீர்கள்.

பழங்காசு: ஆனால் அந்த இப்னு உமரே கடைசியில் அப்துல் மலிக்குக்குத்தானே பைஅத் கொடுத்தார்?

கூஃபாத்தெரு: எப்போது? அப்துல் மலிக்கின் தளபதி ஹஜ்ஜாஜ் மாதக்கணக்கில் மக்காவைக் கவண்பொறியால் அடித்து, இப்னு ஸுபைரைக் கொன்ற பிறகு. எதிரில் ஆள் இல்லாதபோது கொடுத்த பைஅத்தை வைத்து முந்தைய எட்டு வருடத்துக்கும் பட்டா போடுகிறீர்களே.

பழங்காசு: சரி, ஒன்றை ஒப்புக்கொள்கிறேன், எனக்குக் காசுப் பைத்தியம் என்பதால். 'முஹம்மது அல்லாஹ்வின் தூதர்' என்ற வாசகம் அப்துல் மலிக்கின் காசுகளுக்கு முன்பே, ஹிஜ்ரி 66-ல் பாரசீகத்தின் பிஷாப்பூரில் இப்னு ஸுபைரின் ஆளுநர் அடித்த வெள்ளிக்காசில் இருக்கிறது. அந்த யோசனையை அப்துல் மலிக் எதிராளியிடமிருந்து எடுத்துக்கொண்டார் என்றே நினைக்கிறேன். ஆனால் கலீஃபா விஷயத்தில் நான் நகரவில்லை.

கூஃபாத்தெரு: காசை எடுத்துக்கொண்டார், கஃபாவுக்கு இப்னு ஸுபைர் வைத்த இரண்டாவது வாசலை மட்டும் ஹஜ்ஜாஜை விட்டு அடைத்துவிட்டார். இன்றைக்கும் ஒரே வாசல்தான்.