புழுக்கக் கோடையில் தலைமுடி பட்ட பாடு: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஈரக்கொண்டை:
குளித்ததும் துண்டால் இரண்டு தட்டு, இறுக்கி ஒரு கொண்டை, அப்படியே வேலைக்கு ஓட்டம். புழுக்கக் காலத்தில் சாயங்காலம் அவிழ்த்தாலும் உள்முடி சொதசொதவென்றுதான் இருக்கும். நீள முடி வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நான் சொல்ல வந்தது முடியில் ஒட்டியிருந்த சின்னச் சின்ன மணிகளைப் பற்றி. முடியை உருவும்போது விரலில் நெருநெருவென்று ஏதோ தட்டியது. வீட்டில் ஈர் என்று தீர்ப்பே எழுதிவிட்டார்கள். பேன் சீப்பு, பேன் மருந்து எல்லாம் ஆயிற்று. பேன் ஒன்றுகூட அகப்படவில்லை, மணிகளும் போகவில்லை.

தோல் மருத்துவர் ஒரே ஒரு முடியை எடுத்தார். ஒரு மணியை இரண்டு நகங்களுக்கு நடுவில் பிடித்து மெல்ல இழுத்தார். அது முடியோடு வழுக்கிக்கொண்டே வந்து, நுனியில் கழன்று, நகத்தில் ஒட்டிக்கொண்டது. வெளிறிய நிறம், தொட்டால் மெத்தென்று இருந்தது. “ஈர் இப்படி நகராது, முடியில் கெட்டியாக ஒட்டியிருக்கும்” என்றார். நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு வெள்ளைப் பியட்ரா என்று எழுதினார். டிரைக்கோஸ்போரான் என்ற பூஞ்சை முடித்தண்டைச் சுற்றிக் கட்டும் முடிச்சாம். அரிப்பும் இல்லை, வலியும் இல்லை. இன்றைக்கும் ஈரக் கொண்டையோடு யாராவது எதிரே வந்தால் என் நகம் பரபரக்கிறது. உங்களில் யாருக்காவது இது வந்திருக்கிறதா?

சுருள்முடிக்காரி:
எனக்கு அது வந்ததில்லை, இது வேறு கதை. தோழியின் திருமணத்துக்காக மணிக்கணக்கில் உட்கார்ந்து முடியை நேராக்கினேன். திறந்தவெளியில் விழா, காற்று அசையவே இல்லை. அன்று எடுத்த படங்களை வரிசையாகப் பார்க்க வேண்டும். முதல் படத்தில் முடி தோளுக்குக் கீழே. நடுவில் எடுத்ததில் காதோரம் கிளம்பிவிட்டது. கடைசிப் படத்தில் எனக்குப் பின்னால் நிற்பவரின் முகமே தெரியவில்லை. அவர் மாப்பிள்ளையின் தாத்தா. அந்தப் படத்தைத்தான் பெரிதாக்கி அவர்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள்.

பழைய ஆய்வகம்:
சகோதரி, இதில் முடியைக் குறை சொல்லிப் பயனில்லை. சூடு வைத்து நேராக்கும்போது மாறுவது முடியின் புரதமான கெரட்டினில் உள்ள, எளிதில் அவிழும் ஹைட்ரஜன் பிணைப்புகள் மட்டும். காற்றிலுள்ள நீர் முடிக்குள் புகுந்ததும் அவை அவிழ்ந்து, பழைய வளைவிலேயே மறுபடி கோத்துக்கொள்ளும். சீரம் பூசுகிறவர்கள் புட்டியில் கிளிசரின் முன்வரிசையில் இருக்கிறதா என்று பாருங்கள். அது நீரை இழுக்கும் பொருள். புழுக்கத்தில் காற்றின் ஈரத்தை முடிக்கே கூட்டிக்கொண்டு வரும். சிலிக்கோன் கலந்தது மேலே படலமாக நிற்கும், கொஞ்சம் தாங்கும்.

என் அனுபவம் பள்ளி ஆய்வகத்தில். அங்கே காற்றின் ஈரத்தை அளக்கும் ஒரு முடி ஈரமானி இருந்தது, சுவிஸ் அறிவியலாளர் சொசூர் 1783-இல் விவரித்த அதே வகை. இழுத்துக் கட்டிய முடி, அதன் முனையில் ஒரு முள், அவ்வளவுதான். ஆசிரியர் அருகே போய் வாயால் ஊதினார், முள் ஊர்ந்தது! முழு வறட்சியிலிருந்து முழு ஈரத்துக்குப் போனால் முடி சுமார் 2 சதவீதத்துக்கு மேல் நீளும் என்றார். என் தலையிலும் அப்படி ஆயிரக்கணக்கான முட்கள் ஊர்கின்றன என்ற நினைப்பு அன்று பிடித்தது, இன்னும் விடவில்லை.

ஈரக்கொண்டை அவர்களே, உங்கள் தொல்லைக்கு எண்ணெய் வைக்காததுதான் காரணம் என்று தோன்றுகிறது. தினமும் தேய்த்திருந்தால் ஈரம் உள்ளேயே போயிருக்காது.

கறுப்புச்சட்டை:
எண்ணெயா? மன்னிக்கவும் அண்ணா, இதை மட்டும் விட முடியாது. என் கதை சின்னது. கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தேன், மேலாளர் எழுந்து வந்து, ஒன்றும் சொல்லாமல் என் தோளைத் தட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தார். பொடுகு. அதற்கும் எண்ணெய்தான் மருந்து என்று சொல்ல நாலு பேர் இருந்தார்கள்.

பொடுகுக்குப் பின்னால் இருப்பது மலசீசியா என்ற ஈஸ்ட். எல்லோர் தலையிலும் உண்டு. தலைத்தோல் சுரக்கும் எண்ணெயிலுள்ள கொழுப்பு அமிலங்களைத் தின்றுதான் வாழ்கிறது. நாம் மேலே ஊற்றுவதும் அதற்குத் தீனி. வெப்பமும் வியர்வையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். தேங்காய் எண்ணெய் கெட்டது என்று நான் சொல்லவில்லை. குளிப்பதற்கு முன் முடித்தண்டில் தடவினால் உள்ளே ஊடுருவி, அலசும்போது புரதம் வெளியேறுவதைக் குறைக்கிறது. சூரியகாந்தி எண்ணெயோடும் மினரல் எண்ணெயோடும் ஒப்பிட்டு 2003-இல் வெளியான ஆய்வு அதைக் காட்டியது. ஆனால் வியர்க்கிற தலைத்தோலில் இரவெல்லாம் ஊறவைப்பது வேறு. பொடுகு இருந்தால் பூஞ்சைக்கு எதிரான கீட்டோகோனசோல் ஷாம்பு, வாரம் இருமுறை. நுரையை 3 முதல் 5 நிமிடம் விட்டு அலசுங்கள்; போட்ட கையோடு அலசிவிட்டு வேலை செய்யவில்லை என்பவர்களிடம் எனக்குப் பேச்சில்லை. அடிக்கடி அலசினால் முடி கொட்டும் என்பதும் வெறும் பயம். கையோடு வருவது ஏற்கெனவே கழன்று நின்ற முடி. ஒரு நாளைக்கு 50 முதல் 100 வரை உதிர்வது இயல்பு. கண்டிஷனர் நுனிப் பக்கம் மட்டும். நனைந்த முடி எளிதில் நீண்டு அறுந்துபோகும், ஆகவே பல் அகன்ற சீப்பு. பிறகு தலையணை உறை இருக்கிறது, அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

ஹெல்மெட் தலை:
வேண்டாம் தம்பி, தலையணை உறையை விட்டுவிடுங்கள். எனக்கு ஒரே காட்சிதான். நேர்முகத் தேர்வுக்குப் போய் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே உள்ளே நுழைந்தேன். வரவேற்பில் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்து, “வெளியே மழையா சார்?” என்றார். வெளியே வெயில் கொளுத்துகிறது. நெற்றியில் ஒட்டிய முடியிலிருந்து சொட்டு ஒன்று அவருடைய பதிவேட்டில் விழுந்து என் பெயரின்மேலேயே மை கலைந்தது. வேலை கிடைத்தது, அது போகட்டும். இப்போதெல்லாம் உள்ளே மெல்லிய பருத்தித் துணி கட்டிக்கொள்கிறேன்.

ஈரக்கொண்டை:
ஆய்வக அண்ணா, நான் எண்ணெய் வைக்காதவள் என்று எங்கே எழுதினேன்? தினமும் வைப்பவள்தான்.

மருத்துவர் முடியை வெட்டச் சொன்னார். பியட்ராவுக்கு அதுதான் விரைவான வழியாம், முழுக்க மழித்துவிடுபவர்களும் உண்டாம். தோள்வரை வெட்டிக்கொண்டு, பூஞ்சைக்கு எதிரான ஷாம்புவும் போட்டேன், மணிகள் போய்விட்டன. குட்டை முடி மின்விசிறிக் காற்றிலேயே சீக்கிரம் உலர்ந்துவிடுகிறது. ஆனாலும் மறுபடி வளர்க்க ஆசை. இது வந்து மீண்டவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். முடி வளர்ந்த பிறகு திரும்ப வந்ததா, அது மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். எண்ணெய்ச் சண்டையை நீங்கள் இருவரும் வேறெங்காவது வைத்துக்கொள்ளுங்கள்.