ஆயர் தாவார் – பங்கோர்: சைக்கிள், கூடாரம், இரண்டு இரவு

செம்பனை_சவாரி:
வணக்கம். மலேசியாவின் பேராக்கில் ஆயர் தாவாரிலிருந்து லுமுட் வரை சைக்கிள், அங்கிருந்து பெர்ரி, பங்கோர் தீவில் இரண்டு இரவு கூடாரம். நானும் 15 வயது அக்கா மகனும் போகிறோம். இரண்டும் சாதாரண 26 அங்குல மலைச் சைக்கிள். முன்னால் சின்னப் பல்சக்கரம் 28 பல், பின்னால் பெரிய பல்சக்கரமும் 28 பல். தீவைச் சுற்றும் சாலையில் ஒரு மேடு ஆளைக் கொன்றுவிடும் என்கிறார்கள். சாமானோடு ஏற முடியுமா? எந்தப் பக்கமாகச் சுற்றுவது? கூடாரம் போடும்போது எதைக் கவனிக்கணும்?

பட்டறை_அண்ணன்:
தம்பி, சுற்றுச் சாலை இருபது கிலோமீட்டருக்குள்தான். தூரத்துக்குப் பயப்படாதீங்க. அந்த மேடு தெலுக் டாலாமுக்கும் சுங்கை பினாங் கெச்சிலுக்கும் நடுவில், தீவின் வடகிழக்கு மூலையில் இருக்கு. இரண்டு பக்கமும் செங்குத்து. அதனால எந்தப் பக்கமா சுத்துறதுன்னு யோசிக்கிறதை விட, சாமானை அந்த மேட்டுக்குக் கொண்டுபோகாம இருக்கிறதுதான் முக்கியம்.

லுமுட் பெர்ரி முதல்ல சுங்கை பினாங் கெச்சில்ல நிக்கும். அங்கே இறங்கிடாதீங்க, அடுத்த நிறுத்தமான பங்கோர் பட்டணத்துல இறங்குங்க. அங்கிருந்து பாசிர் போகாக் இரண்டு கிலோமீட்டர்தான். அப்படியே மேற்குக் கரையோரமா தெலுக் நீப்பா போயிடலாம். வழியில சின்னச் சின்ன ஏற்றம் உண்டு, சமாளிச்சிடலாம். கூடாரத்தை அங்கே போட்டுட்டு, மறுநாள் காலையில தண்ணி, பம்ப், ஒரு டியூப் மட்டும் எடுத்துக்கிட்டு முழுச் சுற்று போங்க. தெலுக் கெடோங்ல டச்சுக்காரன் 1670ல கட்டின கோட்டை சாலையோரத்துலேயே இருக்கு, பையனுக்குக் காட்டுங்க.

இப்போ கியர். 28க்கு 28ன்னா பெடல் ஒரு சுற்றுக்குச் சைக்கிள் ஏறக்குறைய 2 மீட்டர் நகரும். பின்னால 34 பல் இருக்கிற ஃப்ரீவீல் (பின் பல்சக்கர அடுக்கு) மாட்டினா 1.7 மீட்டர். முட்டிக்கு அந்த வித்தியாசம் நல்லாவே தெரியும். ஆனா ஃப்ரீவீலை மட்டும் மாத்திட்டு வந்திடக்கூடாது. முன்னாலயும் பின்னாலயும் பெரிய பல்சக்கரத்துல செயினைப் போட்டுப் பார்க்கணும். செயின் விறைச்சு, டிரேலர் (பின்னால செயினைத் தள்ளி கியர் மாத்துற கை) முன்னால இழுபட்டா செயின் குட்டை. அப்படியே ஓட்டினா டிரேலர் முறிஞ்சு ஸ்போக்குக்குள்ள போயிடும். இரண்டு கண்ணி சேர்க்கச் சொல்லுங்க. பழைய டிரேலர் 34 பல்லைத் தாங்குமான்னும் கடையில கேட்டுக்குங்க.

இறக்கம்தான் ஏற்றத்தை விட ஆபத்து. வளைவு இருக்கு, வேன் வேகமா வரும். ரிம் பிரேக்கை விடாம பிடிச்சிக்கிட்டே இறங்காதீங்க, ரிம் சூடேறும். முன்னது, பின்னது மாத்தி மாத்தி விட்டு விட்டுப் பிடிங்க. பிரேக் கட்டையில இருக்கிற கோடு தேஞ்சு மறைஞ்சிருந்தா வீட்டிலேயே மாத்திடுங்க.

பின் கேரியர்ல 12 கிலோவுக்கு மேல வேண்டாம். கனமான சாமான் கீழே, இரண்டு பக்கமும் சமமா. கேரியர் போல்ட் அதிர்வுல கழண்டுடும். நைலான் நட்டு போட்டு, 4 எம்எம் சாவியைக் கைவசம் வச்சுக்குங்க.

லுமுட் போற பெரிய சாலையில செம்பனைக் குலை லோரி அதிகம். ஓரத்துல விழுந்து கிடக்கிற பழத்துல டயர் ஏறினா வழுக்கும். விடியறதே ஏழு மணிக்கு மேலதான், அதுக்கு முன்ன கிளம்பினா முன்னும் பின்னும் விளக்கு கட்டாயம்.

கடலோரக்_கூடாரம்:
அண்ணன் சைக்கிளைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் கூடாரத்துக்கு வருகிறேன்.

இடம் பிடிக்கும் முன் மணலைப் பாருங்கள். காய்ந்த பாசி, குச்சி, பிளாஸ்டிக் எல்லாம் வரிசையாக ஒரு கோடு போட்டிருக்கும். அதுதான் கடல் கடைசியாக ஏறிய மட்டம். அமாவாசை, பௌர்ணமி ஒட்டி அதையும் தாண்டி வரும். அந்தக் கோட்டுக்கு நன்றாக மேலே போடுங்கள், தென்னைக்கு அடியில் மட்டும் வேண்டாம். வனத்துறைக் காட்டுப் பகுதிக்கு அனுமதி வேண்டும், கேட்காமல் நுழையாதீர்கள்.

மணலில் ஆணி நிற்காது. அரிசிப் பையில் மணல் நிரப்பி, கயிற்றை அதில் கட்டி, முழங்கை ஆழத்தில் புதைத்து மிதியுங்கள். இதில் அலட்சியம் வேண்டாம். ஏறக்குறைய ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ரா பக்கமிருந்து விடியலுக்கு முன் திடீரென்று காற்றும் மழையும் வரும். தெலுக் நீப்பா மேற்கே பார்த்த கரை, நேராக அடிக்கும். வாசலைக் கடலுக்கு எதிர்ப்பக்கமாக, நிலத்தைப் பார்த்துத் திருப்புங்கள். மழை இல்லாதபோது மேல்துணியைக் கழற்றி வலை மட்டும் வைத்தால்தான் தூங்க முடியும்.

அகாஸ் என்ற கடிக்கும் பொடிப்பூச்சி சாதாரண வலைக் கண்ணுக்குள் நுழைந்துவிடும். அந்தி நேரமும் விடியலும்தான் அதன் நேரம், காற்று வீசும் இடத்தில் நிற்காது. கணுக்காலில் தேங்காய் எண்ணெயைக் கனமாகப் பூசுங்கள், ஒட்டிக்கொண்டுவிடும். கடித்தால் சொறியக் கூடாது, புண்ணாகும்.

குரங்கு கூடாரத்தைக் கிழிப்பது உள்ளே வாசனை இருந்தால்தான். ரொட்டி, பிஸ்கட், பற்பசை கூட மூடி இறுகிய டப்பாவில் இருக்கட்டும்.

செம்பனை_சவாரி:
மிக்க நன்றி அண்ணே, அக்கா. சமையலுக்கு எவ்வளவு கேஸ்? மாசி மகத்தோடு சேர்த்துப் போகலாமா?

கடலோரக்_கூடாரம்:
மாசி மகத்துக்குப் பங்கோர் பத்திரகாளியம்மன் கோயிலில் கூட்டம் நெரியும். கும்பிட வேண்டும் என்றால் சைக்கிள் இல்லாமல் தனியாக வாருங்கள். அந்த நாளில் பெர்ரியில் சாமான் ஏற்றுவது எல்லாருக்கும் தொல்லை.

ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க சுமார் 15 கிராம் கேஸ் போகும். காற்றுக்கு மறைப்பு இல்லையென்றால் இரண்டு மடங்கு. காலை, இரவு மட்டும் சமைத்தால் இருவருக்கு 250 கிராம் டின் ஒன்று போதும். மறைப்புத் தகரத்தால் டின்னைச் சுற்றி மூடிவிடாதீர்கள், சூடேறி வெடிக்கும். குடிக்கும் தண்ணீர், சவாரியில் ஆளுக்கு மணிக்கு ஒரு லிட்டர் வரை.

பட்டறை_அண்ணன்:
திரும்பி வந்த அன்றைக்கே நல்ல தண்ணியில கழுவுங்க, மறுநாள்னு விட்டா உப்பு செயினைப் பிடிச்சிடும். கார் கழுவுற பிரஷர் பைப் வேண்டாம், ஹப்புக்குள்ள தண்ணி போயிடும். மணலோட எண்ணெய் விடக்கூடாது. அது உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். துடைச்சு, காயவச்சு, கண்ணிக்கு ஒரு சொட்டு. சீட்டுக் கம்பியை உருவிட்டுச் சைக்கிளைத் தலைகீழாக் கவுத்துங்க. உள்ள தேங்கின தண்ணி அப்பதான் வெளியே வரும்.