பெரியோடான்டல் லிகமென்ட் மறுபடி வளர்வது பற்றி உதவி தேவை

எல்லோருக்கும் வணக்கம். ஈறு நோய் சிகிச்சை படிக்கும் மாணவி நான். ஒரு கேள்வியில் சிக்கி நிற்கிறேன், தெரிந்தவர்கள் உதவுங்கள்.

பல் வேரைத் தாடை எலும்போடு பிணைக்கும் மெல்லிய திசுவான பெரியோடான்டல் லிகமென்ட்டின் தடிமன் ஏறக்குறைய கால் மில்லிமீட்டர்தான். அதன் கொலாஜன் நார்கள் ஒரு முனையில் வேரை மூடியிருக்கும் கடினப் படலமான சிமென்டத்திலும் மறுமுனையில் தாடை எலும்பிலும் புதைந்திருக்கும். நோயில் இது அழிந்தால், சுத்தம் செய்த வேரை ஒட்டி முதலில் இறங்குவது ஈறின் மேற்பரப்பை மூடும் எபிதீலிய செல்கள். வேர்ப்பரப்பை எந்தச் செல்கள் பிடிக்கின்றனவோ, அவைதான் ஆறும் விதத்தைத் தீர்மானிக்கும் என்றார் ஆய்வாளர் மெல்ச்சர், 1976இல். அதனால்தான் ஈறின் செல்கள் இறங்காதபடி தடுப்புச் சவ்வு வைத்து லிகமென்ட் செல்களுக்கு அவகாசம் தருகிறோம்.

சரி, அந்தச் செல்கள் வந்துவிட்டன என்றே வைத்துக்கொள்வோம். புதிய நார்கள் வேருக்கு இணையாகப் படுத்துவிடாமல், குறுக்கே நின்று சிமென்டத்துக்குள் புதைய எது வழிகாட்டுகிறது? மெல்லும் விசை என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் பல் கடிக்கத் தொடங்கும் முன்பே சில நார்கள் வேரில் புதைந்துவிடுகின்றனவே! இங்கேதான் குழப்பம்.

இதை விளக்கும் கட்டுரைகளோ மனிதத் திசு வெட்டுப் படங்களோ இருந்தால் பகிருங்கள். எக்ஸ்ரே படங்கள் வேண்டாம். எலும்பு நிரம்பியது அதில் தெரியும், நார் புதைந்ததா என்பது தெரியாது.